கொடைக்கானல் டூரும் ஒரு குட்டி டியூபும்

"டூர்" என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டால் போதும், பி.காம். கடைசி வருடத்தில் அதற்கப்புறம் காஸ்ட் அக்கவுண்டிங் யார் மண்டையிலும் ஏறாது. இங்கிலீஷ் படத்தில் வருகிற ஸ்பிரிங் பிரேக் எல்லாம் நம்ம ஊரில் ஏது? பொங்கல் லீவு முடிந்து, ஏப்ரல் செமஸ்டர் வந்து கழுத்தைப் பிடிக்கும் முன்னால், பிப்ரவரியில் கிடைக்கிற மூன்று நாள்தான் நம்ம ஸ்பிரிங் பிரேக். அதற்கும் "இண்டஸ்ட்ரியல் விசிட்" என்று பெயர் வைத்து, போகிற வழியில் ஏதாவது ஒரு ஃபேக்டரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனால்தான் அனுமதி!

இந்தக் கதையின் நாயகிக்குப் பெயர் வேண்டாம். கிழக்குத் தாம்பரம். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ப்ளவுஸ் தைக்கிறார். டூர் கொடைக்கானலுக்கு. வியாழக்கிழமை ராத்திரி தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் கொடை ரோடு. அங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாக மலை.

டூர் பணம் 4,500 ரூபாயைத் தவணையாகக் கட்டியாகிவிட்டது. அதற்கு மேல் கைச்செலவுக்கு அம்மா கொடுத்தது 1,500. காமர்ஸ் பொண்ணு இல்லையா, நோட்டில் கோடு போட்டு எழுதிவிட்டாள்:

கறுப்பு குர்தி - 350
ஸ்வெட்டர் - 250
புருவம் திரெடிங் - 60
ஃபேஷியல், ப்ளீச் - 600
ஷாம்பு, சோப்பு, பேஸ்ட் வகையறா - 90
மலையில் செலவுக்கு - 150

மொத்தம் 1,500. சரியாக டேலி ஆகிவிட்டது. கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். மூன்று நாள் டூரில் சாக்லேட், சோளம், குதிரை சவாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து 150. முகத்துக்கு மட்டும் 660. அதாவது நூற்றுக்கு நாற்பத்து நாலு!

காரணம், அந்தக் கறுப்பு குர்தி. வகுப்பு வாட்ஸப் குரூப்பில் டிரெஸ் கோடு போட்டிருந்தார்கள். முதல் நாள் கறுப்பு, இரண்டாம் நாள் வெள்ளை, மூன்றாம் நாள் அவரவர் இஷ்டம். இவளிடம் கறுப்பில் ஒரு துணி கூடக் கிடையாது. ஏழாவது படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தர், "உனக்கெதுக்குடி கறுப்பு? இருட்டுல தேடணும்" என்று சிரித்ததோடு சரி. அந்த ஒரு வரி எட்டு வருடமாக பீரோவுக்குள் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வீட்டு மளிகை லிஸ்டில் உளுந்து, புளிக்குப் பக்கத்தில் "க்ரீம் - சின்னது" என்று ஒரு வரி சேர்ந்தது. எழுதியது அம்மா. திட்டமெல்லாம் ஒன்றுமில்லை, பொண்ணு முகம் வாடக்கூடாது என்ற அக்கறைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். நம்ம காமர்ஸ் மக்களுக்குப் பிடிக்கும். ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் கடைக்கு வந்தது 1975ல். அதன் பெயரிலிருந்து "ஃபேர்" போய் "க்ளோ" வந்தது 2020ல். நடுவில் 45 வருடம். சென்னையிலேயே இருக்கும் கவின்கேர், ஃபேர்எவர் என்று குங்குமப்பூவும் பாலும் சேர்த்து ஒரு க்ரீம் கொண்டு வந்தது 1998ல். அதே சென்னையில்தான் 2009ல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்ற பிரசாரமும் ஆரம்பித்தது. நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்த பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது. விற்றவர்களும் இந்த ஊரிலேயே, வேண்டாம் என்றவர்களும் இந்த ஊரிலேயே.

டூர் பையில் எல்லாரும் போடுகிற ஷாம்பு பாக்கெட் இருக்கிறதே, அதுவும் நம்ம பக்கத்து சரக்குதான். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர் வீடு என்றிருந்த காலத்தில், கடலூர் சின்னி கிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகக் கிளம்பி "சிக்" ஷாம்பு விற்றார். பிற்காலத்தில் கவின்கேர் ஆனது அந்தக் கம்பெனிதான். ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் காசு கொடு என்பதுதான் பாக்கெட்டின் தத்துவம். அழகு சாதனம் என்பதே எட்டாத வீடுகளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒன்று, கையில் சில்லறை இருந்தால் போதும், எதையும் "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்ற தைரியமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அந்தத் தைரியம்தான் நம்ம நாயகியை மாட்டிவிட்டது.

"அறுநூறு குடுத்து ஃபேஷியலா? லூசாடி நீ? ஒரு டியூப் இருக்கு, நூத்தி நாப்பது ரூபா. ஒரே வாரத்துல கலர் வரும். எங்க அக்கா கல்யாணத்துக்கு அதான் போட்டா" என்றாள் பக்கத்து பெஞ்ச் தோழி. மருந்துக் கடையில் பெயரைச் சொன்னதும் கேள்வியே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். குட்டி டியூப். 460 ரூபாய் மிச்சம். அதை நோட்டில் வரவு வைத்துவிட்டு, டூருக்குப் பத்து நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமையே முகம் பளிச். வகுப்பில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "என்னடி, ஜொலிக்கிற?" அந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம்! அதே உற்சாகத்தில் காலேஜ் முடிந்து நேராக பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனாள். குண்டூசி முதல் பழைய குளிர்சாதனப் பெட்டி வரை கிடைக்கிற சந்தையில் ஸ்வெட்டர் கிடைக்காதா? கிடைத்தது. பேரம் பேசி 250க்கே முடித்தாள். ஆனால் இரண்டு மணி வெயிலில் கன்னம் லேசாக எரிந்தது. வெயில் என்று நினைத்து, ராத்திரி இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கண்ணாடியில் வேறு யாரோ இருந்தார்கள். இரண்டு கன்னமும் செக்கச் செவேல். பொடிப் பொடியாகக் கொப்பளம். தண்ணீர் பட்டாலே எரிச்சல். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "நான் டூருக்குப் போகல" என்று படுத்துவிட்டாள். கட்டிய 4,500 திரும்ப வராது என்பது அவளுக்குத் தெரியும். வராத காசை நினைத்து முடிவெடுக்கக் கூடாது என்று போன செமஸ்டரில்தான் பரீட்சையே எழுதியிருந்தாள். அன்றைக்கு அந்தப் பாடம் தப்பான பக்கமாகப் பயன்பட்டது!

செவ்வாய்க்கிழமை அம்மா குரோம்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "டியூப் கொண்டாந்திருக்கீங்களா?" என்றாராம். எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ!

டியூபில் மூன்று மருந்து. நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை உரிக்கும் டிரெட்டினாயின், அப்புறம் ஒரு ஸ்டீராய்டு. மங்கு மாதிரி தோல் நோய்க்கு, டாக்டர் மேற்பார்வையில், கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டியது. மற்ற இரண்டும் தோலை எரிச்சலாக்கும்போது வருகிற சிவப்பை ஸ்டீராய்டு ஆரம்பத்தில் அமுக்கி வைக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் வெளுத்த மாதிரியும் தெரியும். அவ்வளவுதான் அந்தப் பளிச்! மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பரு வந்து, முடி வளர்ந்து, நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். அதற்கு "டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை 2018ல் மத்திய அரசு டாக்டர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டு வந்தது. சட்டம் வந்துவிட்டது, சீட்டு கேட்கிற பழக்கம்தான் எல்லாக் கடைக்கும் வரவில்லை.

சீட்டு மருந்தே இப்படி என்றால், லேபிளில் விவரமே இல்லாத க்ரீம்கள் இன்னொரு கதை. 2023ல் கேரளாவின் மலப்புரத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலர் போட்டுக்கொண்டிருந்தது அந்த மாதிரி சிவப்பழகு க்ரீம்தான் என்று தெரிய வந்தது. அதில் இருந்தது பாதரசம். அந்த வருடமே "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று அந்த மாநில அரசு கடை கடையாக ரெய்டு நடத்தியது.

"ஒரு வாரம்தானே, இன்னையோட நிறுத்திடும்மா. சரியாயிடும். மாசக்கணக்கா போட்டவங்கதான் எங்கிட்ட கேக்காம திடீர்னு நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். டூர் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "தாராளமா போ. ஆனா குளிருதேன்னு ஏமாந்துடாத. அங்க வெயில் இங்கத்தைவிட மோசம்."

உண்மைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அந்த மலையின் தெளிந்த வானத்துக்காகத்தான் 1899ல் சூரியனை ஆராய்ச்சி செய்யும் கூடத்தையே அங்கே கொண்டு போய் வைத்தார்கள். சூரியனைப் பார்க்கத் தோதான இடத்தில் முகத்தைக் காட்ட, தோலை உரிக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு கிளம்ப இருந்தாள் நம்ம ஆள்!

டாக்டர் ஃபீஸ் 400, சன்ஸ்க்ரீன் 380, டியூப் 140. ஆக முகத்துக்கு ஒதுக்கிய 600 போய் 920 ஆனது. 320 ரூபாய் நஷ்டம். மலைச் செலவுக்கு வைத்த 150 அம்பேல்.

அன்று ராத்திரி பேக்கிங். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பையில் இருந்த க்ரீம், பவுடர், இன்னொரு க்ரீம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். திட்டுவார் என்று பார்த்தால், ம்ஹூம். கடைசியாக அந்த மாத மளிகையில் வந்த புது க்ரீமைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"நாந்தான்டி பழக்குனேன்" என்றார்.

இவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீ என்னம்மா பண்ணுவ, எல்லா வீட்லயும்தான் வாங்குறாங்க" என்று சமாளித்தாள். அம்மா தலையை ஆட்டவில்லை. எழுந்து போய் மெஷின் டிராயரிலிருந்து நானூறு ரூபாய் எடுத்து வந்து கொடுத்தார். "சோளம் வாங்கித் தின்னு."

டூர் கிளம்புகிற மக்களே, இவள் படித்த பாடத்தை நீங்கள் ஓசியில் எடுத்துக்கொள்ளலாம்:

புது க்ரீம் எதுவாக இருந்தாலும் டூர் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். முழங்கைக்கு உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். திரெடிங்கை மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள், சிவப்பு அடங்க நேரம் வேண்டும். எஸ்.பி.எஃப். 30க்கு மேல் சன்ஸ்க்ரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தொப்பி, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின், வாந்தி வருகிறவர்களுக்கு மலை ஏறும் முன்னாலேயே போடவேண்டிய மாத்திரை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஏனென்றால் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸும் வேண்டும், ஏற்பாடு செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். "டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது" என்று இருந்தால் அது அழகு சாதனம் இல்லை, மருந்து.

சரி, வியாழக்கிழமை ராத்திரிக்கு வருவோம். தாம்பரம் பிளாட்பாரத்தில் ஐம்பது பேர் கூச்சல். துப்பட்டா முக்காடோடு வந்தவளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. டியூப் சொன்ன தோழி கிட்டே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான்டி இருக்கு. கல்யாணம் முடிஞ்சும் போட்டுட்டிருக்கா. வெயில்ல எரியுதுன்னு வெளியவே வர மாட்டேங்குறா" என்று அப்போதுதான் சொன்னாள்.

டாக்டர் நம்பர் அந்த ராத்திரியே பெர்த்தில் உட்கார்ந்தபடி கை மாறியது. அக்காவுக்கு மெசேஜும் போனது. "தானா நிறுத்தாத, டாக்டர்கிட்ட போ."

மறுநாள் ஏரிக்கரையில் குரூப் ஃபோட்டோ. எல்லாரும் கறுப்பு. நம்ம நாயகி இரண்டாவது வரிசையில், 350 ரூபாய் கறுப்பு குர்தி, தலையில் அம்மா தைத்துக் கொடுத்த துணித் தொப்பி, கன்னம் இன்னும் சிவப்பு, மூக்கில் வெள்ளையாக சன்ஸ்க்ரீன் திட்டு, கையில் பாதி தின்ற சோளம். ஃபில்டர் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், அம்மாவுக்கு அனுப்பணும்" என்றாளாம்.