டீ ஆறுகிற நேரம்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பையன் வாளியில் துடைப்பத்தை முக்கிச் சுவரில் இழுக்க, இன்னொருவன் தாளை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தான், காய்ச்சின மைதாவின் வாசனை, பாதி கஞ்சியும் பாதி புளிப்புமாக, தெருவைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிளறுகிற அந்தப் பசையை எங்கள் தாலுகா அலுவலகத்தில் பியூன் ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி மேசைக்கு மேசை வைத்துவிட்டுப் போவார். அந்தப் பசையும், பதிவறையில் மக்கிக் கிடந்த காகிதக் கட்டுகளின் தூசியும், ஹெட் கிளார்க் ஐயாவின் பட்டணம் பொடியும் சேர்ந்ததுதான் என் இருபதுகளின் வாசனை.

நான் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-ல் ஒழித்துவிட்டார்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் புதிதாக வந்திருந்தார்கள், 1979-ல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், எல்லோர் வாயிலும் யூ.டி.ஆர்., முடிகிற கட்டத்தில் இருந்தது, ஊருக்கு ஊர் புதுப் பட்டாவும் அதில் புதுப் பிழையுமாக மனுக்கள் வந்து குவிந்தன. சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் வித்தியாசம் தெரியாத நான் அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஹெட் கிளார்க் ஐயா எதிர் வரிசையில், நெற்றி நிறைய விபூதி, கதர்ச் சட்டைப் பையில் பொடி மட்டையும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களும், எழுதும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்ளும் பழக்கம். அவர் மேசைக்குப் போய்ச் சந்தேகம் கேட்டால் தலை நிமிராது. கோப்பு நடத்துகிற முறை பற்றியென்றால் “டாட்டன்ஹாமைப் பாரு” என்பார், பட்டா மாறுதல் என்றால் வருவாய் நிலையாணையின் எண்ணை மட்டும், “முப்பத்தொண்ணு” என்று, யாருக்கோ பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த தாளைத் திருப்புவார். நிலையாணை முப்பத்தொன்றை நான் படித்திருந்தேன், படித்ததால்தான் சந்தேகமே வந்திருந்தது.

பதினோரு மணிக்குத் திருவூடல் தெரு முனையில் ஒரு டீக்கடை. அங்கே அவர் வேறு ஆள். பெஞ்சின் ஓரத்தில் வேட்டியை ஒதுக்கி உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரிலிருந்து வட்டாவுக்கும் வட்டாவிலிருந்து டம்ளருக்குமாக டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார், கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம், அந்த ஆற்றுதலுக்கு நடுவில்தான் பேச்சு. முதலில் முட்டிவலி, பிறகு செங்கம் பக்கம் மழை பெய்ததா இல்லையா, பிறகு பேரன் கணக்கில் வாங்கிய மார்க்கு, இதற்குள் நாம் குறுக்கே விழக்கூடாது, விழுந்தால் “அது இன்னா, முப்பத்தொண்ணு பாரு” என்று சாத்திக்கொள்வார். டீ வாய்க்குப் போகிற பக்குவத்துக்கு வந்து, முதல் மடக்கு இறங்கி, அவராக “அப்புறம் இன்னா தம்பி” என்று கேட்கிற இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கிற ஒரே ஒரு கேள்வியை அங்கே எடுத்து வைக்க வேண்டும். இரண்டு கேள்வி வைத்தால் பேச்சு மறுபடி அலுவலகம் ஆகிவிடும்.

ஒருநாள் அண்ணன் தம்பித் தகராறு ஒன்றைச் சொன்னேன், தம்பி உழுகிற நிலம், யூ.டி.ஆரில் அண்ணன் பேருக்கு ஏறியிருந்தது, இரண்டு பேரிடமும் காகிதம் இருந்தது. அவர் வட்டாவைக் கீழே வைத்தார். “காயிதத்த அப்புறம் கேளு, மொதல்ல கெணத்தக் கேளு” என்றார். அந்தக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை, மோட்டாருக்கு மின் இணைப்பு யார் பேரில், கடைசியாகத் தூர் எடுத்தபோது பணம் போட்டது யார், இதை அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும், அதற்குப் பிறகு ‘அ’ பதிவேட்டையும் புரட்டு, அப்போது எந்தக் காகிதம் பேசுகிறது, எது சும்மா இருக்கிறது என்பது தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனார். “கணக்கு எடுக்கச்சொல்ல அண்ணங்காரன் ஊட்ல இருந்திருப்பான், தம்பி கெணத்துல இருந்திருப்பான், இருந்தவன் பேரு ஏறிக்கிச்சு, இதுக்கு ஏன் ரெண்டு குடும்பம் அடிச்சிக்கணும்” என்றவர், டீ தீர்ந்ததும் எழுந்துவிட்டார். காசு எப்போதும் அவர்தான் கொடுப்பார், நாம் பையில் கை விட்டால் கோபம் வரும்.

திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது 1989 செப்டம்பர் 30-ல்தான், அதுவரை எங்களுக்கு எல்லாமே வேலூர், கட்டுக் கட்டாகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அவரும் நானும் விழுப்புரம் – காட்பாடி மீட்டர் கேஜ் வண்டியில் போவோம். ஜன்னலோர இருக்கை அவருக்கு, மேற்கே ஜவ்வாது மலை காலை வெயிலில் சாம்பலும் நீலமுமாகக் கூடவே வரும், போளூர் தாண்டியதும் மந்தாரை இலைப் பொட்டலத்தைப் பிரிப்பார், புளிசோற்றின் நல்லெண்ணெய் வாசனையில் எதிர் இருக்கைக்காரர் தூக்கம் கலைந்து பார்ப்பார், அவருக்கும் ஒரு கை. பசலிக் கணக்கு நான் கற்றது அந்த வண்டியில். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலை ஒன்றாம் தேதி புதுப் பசலி, அதாவது 1395-ம் பசலி 1985 ஜூலையில் தொடங்கி மறு வருஷம் ஜூனில் முடியும், இதைப் பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதியும் போட்டிருக்கிறார்கள், எனக்கு ஏறவில்லை. ஆரணி ரோடுக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவில், ஒரு ஏரியைக் காட்டி, அது உடைந்த பசலியையும் அந்த வருஷம் தள்ளுபடி ஆன தீர்வையையும் சொன்னபோது ஏறிவிட்டது. எந்த ஏரி நிரம்பினால் எந்த இரண்டு ஊர் வாய்க்காலுக்காக அடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, முன்பு அதைக் கர்ணங்கள் வைத்திருந்தார்கள், பதவி போனதும் கோபத்தில் சிலர் வாயை மூடிக்கொண்டார்கள், அவர்களிடமும் இவர் இப்படி எங்கேயோ உட்கார்ந்து, எதையோ ஆற்றிக்கொண்டுதான் வாங்கியிருக்க வேண்டும்.

பௌர்ணமி அல்லாத நாட்களில் சில சாயங்காலங்கள் மலை சுற்றப் போவோம். பதினான்கு கிலோமீட்டர், செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார், அப்போது இத்தனை கூட்டமும் கிடையாது, இத்தனை விளக்கும் கிடையாது, புளியமரங்களுக்கு அடியில் இருட்டு ஈரமாக இருக்கும், எங்கோ சுள்ளி எரிகிற புகை வரும். ரமணாசிரமம் தாண்டி எமலிங்கம் வருவதற்குள் அவர் ஒருமுறை சிவப்பிரகாசம் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். “நம்ம டிபார்ட்மென்டு, தெரியுமா” என்றுதான் ஆரம்பித்தார். அப்போது திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது, தத்துவம் படித்த பட்டதாரியான பிள்ளை அந்த ஜில்லா வருவாய்த் துறையில் உத்தியோகம், 1902-ல் வேலையாக இங்கே வந்தவர், விரூபாட்ச குகையில் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மலை ஏறினார். அந்த இளைஞரான ரமணர் 1896 செப்டம்பர் 1-ல் இந்த ஊருக்கு வந்தவர், பிள்ளை பார்த்தபோது வயது இருபத்திரண்டு, பேச்சு அநேகமாக இல்லை, பிள்ளை கேட்கக் கேட்க மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். ‘நான் யார்?’ என்று இன்று உலகமெல்லாம் படிக்கிற சின்னப் புத்தகம் அந்தக் கேள்வி பதில்தான், 1923-ல் அச்சானது. “கேம்ப் வந்தவன் கோயிலப் பார்த்தமா, டி.ஏ. பில்லு போட்டமான்னு போயிருக்கலாம் இல்ல” என்றார், அவர் குரலில் பக்தியைவிட இலாகாப் பெருமை தூக்கலாக இருந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. மணலில் எழுதினதை அடுத்த காற்று கொண்டுபோயிருக்கும், கேட்டவர் வைத்திருந்ததால் இருக்கிறது. பின்னாளில் 1935-லிருந்து 1939 வரை ஆசிரமக் கூடத்துப் பேச்சுகளை முனகால வேங்கடராமையா எழுதி வைத்தது தனிக் கதை, அவர் நோட்டுப் புத்தகங்கள் இல்லாவிட்டால் அந்த வருஷங்களின் பேச்சில் பாதிக்கு மேல் நமக்கு வந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கால் கழுவின கையோடு, கிணற்று முறை பற்றி அவர் சொன்னதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன், தாள் போதாமல் பழைய டைரிக்கு மாறினேன்.

இப்போது கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில், பட்டாவை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், நல்லதுதான், வரிசையில் நின்று வெயிலில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குத் தப்பாக ஏறின அண்ணன் பெயர் திரையிலும் அண்ணன் பெயராகத்தான் வருகிறது. பிரிவுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது, அதில் சுற்றறிக்கைகள் வருகின்றன, கிணறு வருவதில்லை. டீ மேசைக்கே வருகிறது, பேப்பர் கப்பில், மூன்று மடக்கு, அதை ஆற்றுவதற்கு வட்டாவும் இல்லை ஆற்றுகிற ஆளும் இல்லை.

உறவுக்காரப் பையன் ஒருவன் தேர்வு எழுதித் துறையில் சேர்ந்திருக்கிறான், என் அனுபவத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தான். டீப்பாயில் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டு, தட்டச்சு செய்து கொண்டுவந்த கேள்விகளை வரிசையாகப் படித்தான், ‘உங்கள் பணிக்காலத்தில் சந்தித்த சவால்கள்’ என்று ஒன்று, ‘இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை’ என்று ஒன்று. என் வாயிலிருந்து நிலையாணை எண்கள் வந்தன. எனக்கே கேட்டது. ஹெட் கிளார்க் ஐயா கஞ்சத்தனத்தில் முப்பத்தொண்ணு சொல்லவில்லை, அந்த மேசையில் அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் வரும் என்று அன்றைக்குத்தான் பட்டது. வாடா டீ குடிக்கலாம் என்று கிளப்பினேன், போகிற வழியில், கேள்வித்தாளில் இல்லாத ஒன்றை, “மாமா, ஒரு எடத்துல எல்லைக் கல்ல புடுங்கி எறிஞ்சிட்டு அங்க கல்லே இல்லன்றாங்க” என்று வாய்தவறிச் சொன்னான். டீக்கடையைத் தாண்டிப் போனது தெரியாமல் பேசியிருக்கிறேன், பக்கத்துக் காட்டின் கல்லிலிருந்து அளந்து வருவது, கல் இருந்த குழியில் மண் நிறம் மாறியிருப்பது, வரப்போரம் நிற்கிற பனைமரம் யார் காலத்தில் வந்தது என்று கிழவிகளிடம் கேட்பது. பதிவு ஓடின போன் வீட்டு டீப்பாயிலேயே கிடந்தது.

சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு மாதக் கடைசி நாளில் வரும், சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ, ஐந்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிடும். உங்கள் பிரிவில் அடுத்தது யார் என்று இன்றைக்கே பாருங்கள். பதினோரு மணிக்குக் கூப்பிடுங்கள், கண்ணாடி டம்ளரில் தருகிற கடையாகப் பாருங்கள், முட்டிவலியை முழுக்கக் கேளுங்கள், ஒரு கேள்விக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள், ராத்திரி தூங்குவதற்குள் எழுதி வையுங்கள். காசு அவர் கொடுப்பார், கொடுக்கட்டும், விடுங்கள்.