கோமாளியும் குக்கரும்

தெருக்கூத்தில் ராஜா வேஷம் வருவதற்கு முன்பே கட்டியங்காரன் வந்துவிடுவான். ராஜா தன் பராக்கிரமத்தை அளந்துகொண்டே போக, இவன் குறுக்கே புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், காலையிலே என்ன சாப்பிட்டீர்?" என்ற தினுசில் ஒரு கேள்வியைப் போடுவான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ராஜாவின் கிரீடம் அட்டை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவன் வேண்டியிருக்கிறது.

பாகூர்ப் பக்கத்தில் சிறுவயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான். ஆகவே டெலிவிஷனில் கோமாளிகள் மிக்ஸியையும் அடுப்பையும் வைத்துக்கொண்டு அமர்க்களம் பண்ணுவதைப் பார்த்தபோது, எனக்கு அது புதுச் சங்கதியாகப் படவில்லை. 2019ஆம் வருஷக் கடைசியில் விஜய் டெலிவிஷனில் 'குக்கு வித் கோமாளி' ஆரம்பமாயிற்று. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு சமைக்கத் தெரியாத ஒரு கோமாளியைச் சேர்த்துவிட்டார்கள். தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தார்கள். புகழ், பாலா, சிவாங்கி, மணிமேகலை என்று கோமாளிகளின் பெயர்கள்தான் வீட்டுக்கு வீடு அடிபட்டன. ஜெயித்த சமையல்காரர் யார் என்று கேட்டால் பலருக்கும் யோசனை வந்துவிடும்.

விளம்பரத்தில் வருகிற அம்மாள் மிக்ஸியைத் தொட்டதும் சட்டினி தயாராகிவிடுகிறது. அவள் புடவையில் ஒரு துளி தெறிப்பதில்லை. கோமாளி தொட்டாலோ மூடி பறக்கிறது, மாவு முகத்தில் அடிக்கிறது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் அவன் முழிக்கிறான். நம் வீட்டில் நடப்பது இதுதான் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். பொய் விளம்பரத்தில் தோன்றுகிற பிரபலத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் கொடுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதே 2019இல்தான் வந்தது. சட்டத்தின் பெயர் எங்கள் ஊரில் எத்தனை பேர் காதில் விழுந்தது என்பது வேறு விஷயம். கோமாளியின் பெயர் எல்லார் காதிலும் விழுந்தது.

இந்த வகையில் முன்னோடி என்று பார்த்தால் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்தான். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில், விஞ்ஞானத்தை வளர்த்து வீட்டு வேலையையெல்லாம் ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிடப்போவதாக மதுரத்தம்மாளிடம் பாட்டாகவே அளப்பார். அன்றைக்கு அது முழு வேடிக்கை. ஆறு வருஷம் கழித்து, 1955இல், கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிவிட்டார். 1963இல் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் 'சுமீத்' மிக்ஸிக் கம்பெனியைத் தொடங்கினார். வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோயிற்றாம். அதைச் சரிபார்க்கவும் ஆளில்லை. மாத்தூரின் மனைவியின் அலுப்பில் பிறந்த யந்திரம் அது. உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் போட்டுப் பார்க்காத யந்திரம் இந்தத் தேசத்தில் என்ன யந்திரம்?

குக்கரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் பாகூரில் என் சின்னம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். டெலிவிஷனில் ஏதோ ஒரு சிரிப்பு நிகழ்ச்சி. குக்கர் விசில் அடித்ததும், கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஒருவன் மேஜைக்கடியில் போய் ஒளிந்தான். பிறகு ஒரு தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தான். குழந்தைகள் புரண்டு சிரித்தன. நானும் சிரித்தேன். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? பயந்து ஓடறான் பாரு, அதான் முறை. அன்னிக்கு நான் ஓடல தம்பி. விசில் வரலியேன்னு கிட்டப் போயிக் குனிஞ்சு பார்த்தேன்" என்றாள்.

சின்னம்மாவுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் சுருங்கியிருக்கும். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குக்கரின் வெயிட் தேய்ந்துபோயிற்று என்று சித்தப்பா சந்தையில் மலிவாக வேறொன்று வாங்கி வந்திருந்தார். சேஃப்டி வால்வும் அங்கேயே வாங்கியதுதான். ஒன்று தூக்கவேண்டிய நேரத்தில் தூக்கவில்லை. மற்றது உருகவேண்டிய நேரத்தில் உருகவில்லை. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 120 டிகிரி வரை ஏறும் என்று பிளஸ் டூவில் எனக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார்கள். சின்னம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போதெல்லாம், வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி ஓர் ஓரத்தில் நிற்கப் பழகிக்கொண்டாள். சித்தப்பா சாகும்வரை சமையலறையில் காலெடுத்து வைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசற்படியில் நின்றுதான் கேட்பார்.

போலி உதிரிபாகங்களால் குக்கர் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் டி.டி.கே. கம்பெனியின் ஜகந்நாதன் ஓர் உபாயம் செய்தார். மூடியின் விளிம்பில் ஓர் இடைவெளி. அழுத்தம் மிஞ்சினால் காஸ்கெட் அதன் வழியே பிதுங்கி, ஆவி கீழ்ப்பக்கமாகப் போய்விடும். வெயிட்டும் வால்வும் கள்ளச் சரக்கானாலும் ஆள் தப்பலாம். மனிதர்கள் மலிவாகத்தான் வாங்குவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை. இந்த இடைவெளியை ஒரு கோமாளி விரலை விட்டுக் காட்டினால் அரை நிமிஷ வேலை. அவன் பயந்து நடிப்பதோடு ஏன் பயப்படவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், சிரிப்பு குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. டெலிவிஷன் கூடத்தில் மின்சாரம் ஒழுங்காக 230 வோல்ட் வருகிறது. எங்கள் பக்கத்தில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் வேளையில் கிரைண்டரைப் போட்டால், அது சுற்றாமல் உறுமும். சுற்றாத மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறிக் காயில் புகையும். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பாகூரில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் ஜில்லா. அங்கே அட்டைப்பெட்டி பிரிக்காத வீடுகள்கூட இருந்தன. அந்த டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கொல்லைப்புறத்தில் அம்மி வைத்திருந்த வீடுகளுக்கு அப்போது வந்த மவுசு! அம்மியில் குந்தி அரைக்கத் தெரியாத மருமகள்களுக்குக் கிழவிகள் பாடம் எடுத்தார்கள். சின்னம்மா வீட்டு அம்மிக்குக் காலையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவள் குக்கரைத் தொடாத இத்தனை வருஷமும் அம்மியை மட்டும் தூக்கிப்போடவில்லை.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் வில்லியனூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் கடைக்குப் போனேன். வாசல் வரை சேறு பூசிய யந்திரங்கள் வரிசையாக நின்றன. மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டெலிவிஷன் பார்ப்பதுண்டா என்று கேட்டேன்.

"கோமாளிங்க நல்லா உடைக்கிறாங்க சார். ஆனா கப்ளர் தேய்ஞ்சு போறத, கார்பன் தீர்ந்து போறத யாரும் காட்டறதில்ல. பத்து மிக்ஸி வந்தா, ரெண்டு சும்மாதான் வரும். ஓவர்லோடு ஆகி நின்னிருக்கும். அடியில சிவப்புப் பட்டன் ஒண்ணு இருக்கு. அத அமுக்கினா ஓடும். அது அவங்களுக்குத் தெரியாது."

"அமுக்கிவிட்டு எவ்வளவு வாங்குவீர்கள்?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, "ஆளைப் பார்த்து" என்றார்.