கற்றவளும் காதலும்

ஔவையாரைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு. பெற்றோர் மணம் பேசத் தொடங்கியபோது அவ்விளம்பெண் விநாயகர் முன் நின்று, தன் இளமையையும் எழிலையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினாள்; வேண்டியவாறே கிழவியானாள்; அதன் பின்னரே ஊர்தோறும் சென்று தமிழ் பாடினாள் என்பது அக்கதை. இதனைப் பக்தியின் பெருமைக்குச் சான்றாகச் சொல்லுவர். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. கற்ற பெண்ணொருத்தி இளமையோடும் இருப்பாள், ஒருவனை விரும்பவும் செய்வாள், விரும்பிய பின்னும் பாடுவாள் என்று நினைத்துப் பார்க்க, இக்கதையைக் கட்டியவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே அவளுக்கு நரையைக் கொடுத்துக் கல்வியைக் காப்பாற்றினார்கள். வெள்ளிவீதியார் போன்ற சங்கப் பெண்பாற் புலவர்கள் காதல் நோயைப் பாட்டாக்கிய அதே நாட்டில் பிற்காலத்தார் இப்படி எண்ணினர் என்றால், இடையில் நாம் இழந்தது சிறிதன்று.

அவ்வெண்ணம் இன்னும் சாகவில்லை. "இவ்வளவு படித்தால் இவளை எவன் கட்டுவான்?" என்ற கேள்வியாகத் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து வீடுகளிலும் அது உயிர் வாழ்கிறது. இதனைச் சோதித்தறியச் சிறந்த இடம் எது? அறநூலன்று, மேடைப் பேச்சும் அன்று. காதல் நகைச்சுவைக் கதைகளே அதற்குத் தக்க உரைகல். சோகக் கதையில் ஒருத்தியைத் தெய்வமாக்குவது எளிது. ஒரு கூட்டம் எவளைப் பார்த்துச் சிரிக்கிறது, எவளோடு சேர்ந்து சிரிக்கிறது என்பதில்தான் அதன் உள்ளம் வெளிப்படும்.

நம் திரைப்படங்களை எடுத்துக்கொள்வோம். 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் சீமைப் படிப்பு படித்து வந்த மனைவியை நாட்டுப்புறத்துக் கணவன் அடக்கி வழிக்குக் கொண்டுவருகிறான். 1992-ல் வந்த 'மன்னன்' படத்தில் பெருந்தொழிற்சாலையை நடத்தும் ஒருத்தி, கதை முடியும்போது கணவனை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டோடு அமைகிறாள். இரண்டும் கொட்டகை நிறைந்து ஓடியவை. இரண்டிலும் மக்கள் கைதட்டியது, அவள் தலை தாழ்ந்த இடத்திலேயே.

இவற்றிற்கு மாறாக 1955-ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வைப் பாருங்கள். எல். வி. பிரசாத் இயக்கிய படம். சாவித்திரியும் ஜெமினி கணேசனும் நடித்தது. ஒரு ஜமீன்தார் தம் பள்ளிக்குக் கணவனும் மனைவியுமான இரு பட்டதாரி ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் செய்கிறார். வேலையற்ற ஒருவனும், வீட்டுக் கடனை அடைத்தாக வேண்டிய மேரி என்னும் பெண்ணும், தம்பதிகள் போல் நடித்து அவ்வேலையில் சேர்கின்றனர். நடிப்பு மெல்ல மெல்ல மெய்யாகிறது. இக்கதையில் மேரியின் படிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? விளம்பரம் இல்லை, வேலை இல்லை, பொய்த் தாலி இல்லை, காதலும் இல்லை. கதை முழுவதும் அவள் பெற்ற பட்டத்தின் மேல் நிற்கிறது. முடிவில் அவள் ஜமீன்தாரின் காணாமற்போன மகளே என்று தெரியவருவது மட்டும் எனக்கு உவப்பில்லை. படித்து உயர்ந்தவளுக்குப் பிறப்பாலும் ஓர் உயர்வைத் தேடித் தந்தால்தான் நம்மவர் உள்ளம் ஆறும் போலும்!

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கதாநாயகியின் கல்வி கதைக்கு அணிகலனா, அச்சாணியா என்று கேட்க வேண்டும். அணிகலனைக் கழற்றினால் கதை நடக்கும். அச்சாணியைக் கழற்றினால் தேர் சாயும்.

இவ்வளவுகோலைக் கையில் பிடித்தால் பல படங்கள் குறுகிப் போகின்றன. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' நம் நகைச்சுவைப் படங்களுள் தலையாயது. அதன் நாயகன் தோட்டத்து வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் என்பதால், தோட்டக் கிராணியாகிய எனக்கு அப்படத்தின்மேல் தனிப்பற்றும் உண்டு. ஆயினும் அதில் வரும் கல்லூரிப் பெண்களின் படிப்புக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. 2010-ல் வந்த 'எந்திரன்' படத்திலோ நாயகன் இயந்திர மனிதனையே படைக்கும் பேரறிஞன். நாயகி மருத்துவ மாணவி. அவள் மருத்துவத்தை விடுத்து வேறெதைப் படித்திருந்தாலும் கதை ஓர் அங்குலம் கூட அசையாது. 2000-ல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' சற்றே முன்சென்றது. ஜேன் ஆஸ்டின் 1811-ல் வெளியிட்ட நாவலைத் தழுவிய அக்கதையில், மூத்தவளாகிய சௌமியா வீடிழந்து சென்னைக்கு வந்து, கணினி மென்பொருள் நிறுவனமொன்றில் தொலைபேசி அருகே அமர்ந்து, பின் நிரல் எழுதுபவளாக உயர்கிறாள். ஆஸ்டினின் நாயகிக்கு வாய்க்காத சம்பளமும் தன்னிறைவும் இவளுக்கு வாய்த்தன.

மேல்நாட்டிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1938-ல் ஹாலிவுட்டில் எடுத்த 'பிரிங்கிங் அப் பேபி' என்னும் படத்தில் மூக்குக் கண்ணாடியும் மறதியுமாக எலும்புகளை ஆராய்பவன் ஆண். அவன் ஆராய்ச்சியைக் குலைத்துக் காதலைக் கொண்டுவரும் செல்வச் சீமாட்டி பெண். புத்தகப் புழுவாக இருக்கும் உரிமையும் ஆணுக்கே இருந்தது! அண்மைக் காலத்தில் அவ்விடத்திற்குப் பெண் வந்திருக்கிறாள். ஆங்கில வழியில் பயின்றவன் ஆதலால் அக்கதைகள் சில என் கைக்கும் எட்டின.

அவற்றுள் பெரும் புகழ் பெற்றது 2021-ல் வெளிவந்த 'தி லவ் ஹைபாத்தஸிஸ்'. 'காதல் என்னும் கருதுகோள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் அலி ஹேசல்வுட் என்னும் புனைபெயர் கொண்ட அம்மையார். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் மூளை நரம்பியல் பேராசிரியராக இருந்தவர். நாயகி ஆலிவ், கணையப் புற்றுநோயை முளையிலேயே கண்டறியும் வழியை ஆராயும் மாணவி. தோழியின் மனத்தைச் சமாதானப்படுத்த அவளுக்கு ஒரு பொய்க் காதலன் தேவை. ஆடம் என்னும் பேராசிரியனுக்கோ, தான் வேறிடம் ஓடிப்போகமாட்டேன் என்று பல்கலைக்கழகத்தை நம்பவைத்து, முடக்கப்பட்ட ஆய்வுப் பணத்தை மீட்க வேண்டியிருக்கிறது. இருவரும் காதலர் போல் நடிக்கின்றனர். நடிப்பு மெய்யாகிறது. 'மிஸ்ஸியம்மா' கண்ட நமக்கு இது புதிதா? சென்னைப் படப்பிடிப்பு நிலையத்தில் 1955-லேயே கட்டிய முடிச்சு, கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டிலும் முடிச்சைக் கட்டியது வயிற்றுப்பாடும் வேலையுமே.

வெறும் விளையாட்டு என்று இந்நூலை ஒதுக்கிவிடவும் இயலாது. புகழ்பெற்ற வேறோர் ஆய்வாளன் ஆலிவைத் தனியிடத்தில் இழிவுபடுத்தி, "நீ சொன்னால் எவர் நம்புவார்?" என்னும் முறையில் மிரட்டுகிறான். அவள் அறியாமலே கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்த பேச்சு அவளைக் காப்பாற்றுகிறது. சிரித்துக்கொண்டே படித்து வருபவர் இவ்விடத்தில் திடுக்கிட்டு நிற்பர். அதே ஆசிரியர் 2022-ல் எழுதிய கதையின் நாயகி மேரி கியூரி அம்மையாரைத் தெய்வமாகக் கொண்டாடுபவள். அந்த மேரி கியூரி பட்டதென்ன? 1911-ஆம் ஆண்டில், கைம்பெண்ணாயிருந்த அவருக்கும் மற்றொரு விஞ்ஞானிக்கும் இருந்த நேசத்தைப் பாரிஸ் நகரத்துப் பத்திரிகைகள் சந்தியில் இழுத்தன. இரண்டாம் நோபல் பரிசைப் பெற நேரில் வரவேண்டா என்று சுவீடனிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார். தம் ஆராய்ச்சிக்கும் தம் சொந்த வாழ்வுக்கும் தொடர்பில்லை என்று மறுமொழி விடுத்துவிட்டு, அவ்வம்மையார் போய்ப் பரிசைப் பெற்றுக்கொண்டார். காதலித்த ஆண் விஞ்ஞானிகளுக்கு இத்தகைய கடிதம் வந்ததுண்டா?

இனி நம் ஊருக்கு வருவோம். லாயாங் லாயாங் என்றால் மலாய் மொழியில் பட்டம். காற்றில் பறக்கும் பட்டம். நம் பெண்கள் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டத்திற்கும் தமிழில் அதே சொல் அமைந்திருப்பது எனக்கு வியப்பாயிருக்கிறது. இரண்டையும் உயர்த்துவது நூல்தான்! இது சிற்றூர். இரயில் நிலையமும், சில கடைகளும், சுற்றிலும் செம்பனையுமே இதன் காட்சி. ஆயினும் செம்பனை ஆராய்ச்சியின் வரலாற்றில் இவ்வூருக்குப் பெரிய இடம் உண்டு. கத்ரி நிறுவனத்தார் அமைத்த செமாரா ஆய்வு நிலையமும், உலு ரெமிஸ் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த தாய்மரங்களும், விதை ஆராய்ச்சி செய்வோரிடம் இன்றும் பெயர் பெற்றவை.

செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வந்தாலும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை. மகரந்தம் வேறு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். முன்னாளில் இவ்வேலையைத் தோட்டத்து ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், கையாலேயே செய்தனர். மகரந்தப் பொடியை ஏந்தி மரம் மரமாகச் சென்று பூவின்மேல் தூவினர். 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், காமெரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு வண்டினத்தைக் குளுவாங்கைச் சேர்ந்த மாமோர் தோட்டத்தில் விட்டார்கள். அதன் பிறகு அவ்வேலையை வண்டுகள் மேற்கொண்டன. ஆனால் நல்ல விதை வேண்டுமாயின் இன்றும் மனிதக் கைதான் வேண்டும். பெண்பூ மலருமுன் பை கட்டி, அயல் மகரந்தம் அணுகாது காத்து, குலம் தெரிந்த ஆண்மரத்தின் பொடியை உரிய நாளில் செலுத்தி, எந்தத் தாய், எந்தத் தந்தை என்று பேரேட்டில் குறித்து வைக்க வேண்டும். குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். மரங்களின் கலியாணத்தை இத்தனை ஆண்டு நடத்திவைத்த பெண்களின் கலியாணத்தில் அவர்கள் விருப்பத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

என் தங்கை தாவரவியலில் பட்டம் பெற்று இத்தகைய வேலையில் இருப்பவள். சென்ற ஆண்டு அவளைப் பெண் பார்க்க ஓர் இடத்தார் வந்தார்கள். முதல்நாள் இரவு எங்கள் அத்தை, "பட்டத்தைப் பற்றி வாய் திறக்காதே, தோட்டத்தில் ஏதோ வேலை என்று சொல்லிவிடு," என்றார்.

"அப்படியானால் சம்பளத்தையும் குறைத்துச் சொல்லிவிடலாமா, அத்தை?" என்று தங்கை கேட்டாள்.

"அது மட்டும் வேண்டாம்!" என்றார் அத்தை.

மறுநாள் மாப்பிள்ளையின் பாட்டனார் அவள் வேலையைப் பற்றி வினவினார். "செம்பனைக்குக் கலியாணம் செய்து வைக்கிறேன், தாத்தா," என்றாள் அவள். "சாதகம் பார்ப்பீர்களோ?" என்றார் பெரியவர். "சாதகத்தில் நம்பிக்கை இல்லை, முன்னோர் எத்தனை குலை தள்ளினார்கள் என்று கணக்குப் பார்ப்போம்," என்றாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்; மாப்பிள்ளையும் சிரித்தார். அவளைக் குறித்து ஒருவரும் சிரிக்கவில்லை; அவள் சொன்ன சொல்லுக்குச் சிரித்தார்கள். அந்த அரை மணி நேரம் எங்கள் கூடத்தில் நடந்தது, மேலே சொன்ன கதைகள் எதற்கும் குறைந்ததன்று. ஆனால் ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது: பெண் பையனைவிட அதிகம் படித்தவளாம், ஆகையால் பொருந்தாதாம். சிரித்த வாய் வேறு, முடிவு செய்த வாய் வேறு போலும். தங்கை அன்று மாலையும் பூப்பைகளை எண்ணி ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "பட்டத்தை மறைத்துக் கட்டிக்கொண்டால், பிறகு நாள் முழுதும் மறைத்துக்கொண்டே இருக்கவேண்டுமே, அண்ணா!" என்பதே அவள் சொன்னது.

இந்த ஆங்கிலக் கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை என்று குறை கூறுவோர் உளர். குறை உண்மையே. நாயகன் எப்போதும் நெடியவன். பெரும்பாலும் பதவியிலும் அவளுக்கு ஒரு படி மேலானவன். இத்தனை கற்றும் அவள் தன்னைத் தானே ஐயுறுகிறாள். அவளுக்கு மேலே ஓர் ஆணை வைத்தாலன்றிக் காதல் இனிக்காது என்னும் பழைய நோய் அங்கும் தீர்ந்தபாடில்லை. என்றாலும், படிப்பை மறைக்காமலே ஒருத்தி விரும்பப்படலாம் என்று இலட்சக்கணக்கான இளம்பெண்களின் செவியில் சிரிப்பினூடே சொல்லிவிட்டன. அத்தொண்டை நான் குறைவாக மதிக்கமாட்டேன்.

நம்மிடம் கதைக்கு உரிய பெண்கள் இல்லாமற் போகவில்லை. 2019-ல் நிலவுக்குச் சென்ற சந்திரயான் இரண்டின் திட்ட இயக்குநராயிருந்தவர் சென்னையைச் சேர்ந்த வனிதா. 2023-ல் ஞாயிற்றை ஆராய ஏவிய ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. விண்ணளந்த பெண்கள் மண்ணில் இருக்க, நம் கதாசிரியர்களோ இன்னும் கல்லூரி வாயிலில் பெண்ணை நிறுத்தி, அவள் பின்னே நாயகனைப் பாட விட்டுக்கொண்டிருக்கின்றனர்.

எழுதும் ஆற்றலுடைய அன்பர்களே! ஆய்வுக்கூடத்தில் பிழைபட்ட கணக்கினால் ஒரு சண்டை; மரத்தடியில் கட்டிய பை அவிழ்ந்ததால் ஒரு கலவரம்; மில்லில் எண்ணெய்ப் புளிப்பை அளக்கும் பெண்ணுக்கும் லாரிக் கணக்கு எழுதும் இளைஞனுக்கும் இடையே ஒரு வழக்கு; இவற்றில் காதலும் நகைச்சுவையும் விளையாதா? விளையும். நகைச்சுவையை அவள் வாயில் வையுங்கள். அவள் முதுகின்மேல் ஏற்றாதீர்கள். கதை முடியும்போது அவள் மணமாலை சூடட்டும், சூடாமலும் இருக்கட்டும். மறுநாட் காலை அவள் வேலைக்குப் போவதாக மட்டும் எழுதுங்கள்.