இருவர்க்கு ஓரறை

எம்மூராகிய ஜோலார்பேட்டையில், 1864-ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கிளைவழி திறந்த நாள்தொட்டு, புகைவண்டி ஏறுதல் எளிது. இறங்கிய நகரில் தங்குதலே அரிது.

சென்ற கோடையில் என் பெற்றோர் கடல் காணச் சென்னைக்குப் புறப்பட்டனர். மணமாகி 25 ஆண்டுகளில் இருவரும் ஒருங்கே சென்ற பயணம் அஃதொன்றே. விடுதியில் ஓரிரவு வாடகையோ, தோல் பதனிடுஞ் சாலையில் தந்தையார் பெறும் இருநாட் கூலியை விழுங்கவல்லது. பொதுப் படுக்கைக்கூடங்கள் மலிவே. ஆயின் ஆடவர் ஒருபுறம், மகளிர் ஒருபுறம். “அதற்கு வீட்டிலேயே இருக்கலாமே” என்றார் அன்னையார்.

எனவே சென்ட்ரல் நிலையத்து ஓய்வறையை நாடினேன். உறுதியான பயணச்சீட்டின் 10 இலக்க எண்ணைக் கொடுத்தால், இருவர்க்குரிய அறையைக் கணினிவழியே 48 மணிநேரம் வரை பெறலாம். காத்திருப்போர் பட்டியற் சீட்டு செல்லாது.

கடலைக் குறித்து அன்னையார் சொன்னது சிறிது. இரவில் ஒலிபெருக்கி எழுப்பியபோதெல்லாம் இருவரும் விழித்துப் பேசிக்கொண்டிருந்ததையே பலகாற் சொன்னார்.