அல்வா ஊரின் அரிசி

திருநெல்வேலிக்குப் புறப்படுகிறவரிடம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "அல்வாவை மறந்துவிடாதீர்கள்!" அந்தி வேளையில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, இருட்டுக் கடை முன்னால் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மறக்கும்? ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்று ஊரார் சத்தியம் செய்வார்கள். செய்யட்டும். ஆனால் அந்தக் கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. வெளியிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிறது.

பக்கத்தில் விளைந்ததையே சாப்பிட வேண்டும் என்று இப்போது எங்கும் ஒரே பேச்சு. அப்படியானால் இந்த ஊரின் சொந்தச் சரக்குதான் எது?

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள், தெரியும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த நதிக்கு எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் - பெயர்களிலேயே என்ன அழகு! ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரர்கள் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சுமார் 86,000 ஏக்கர் இவற்றால் பாய்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம்.

அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ரகம் 'அம்பை 16'. நூற்றுப் பத்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும். அரிசி வெள்ளைதான், ஆனால் குட்டை, பருமன். அங்கேதான் வந்தது வினை! நமக்குச் சோறு மல்லிகை அரும்பாக இருக்கவேண்டுமே! திருநெல்வேலிக் கடைகளிலேயே கர்நாடகப் பொன்னி மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சோற்றுக்கு வேண்டாமென்று ஒதுக்கும் அம்பை 16-ஐ 'இட்லி அரிசி' என்றால் வாங்கிக்கொள்கிறோம்.

தூரத்திலிருந்து வருவதெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. உணவினால் காற்றில் சேரும் கரிவாயுவில் லாரிக்கும் கப்பலுக்கும் உள்ள பங்கு சிறியது, பண்ணையில் எழுவதே பெரும்பங்கு என்று 2018-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. தண்ணீர் நிற்கும் நெல்வயலும் அந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை!

என் கவலை வேறு. அதே பஸ் ஜன்னல் வழியே இன்னொன்றும் கண்ணில் படும்: வயலின் நடுவே வரிசையாக நட்ட கற்கள், வர்ணக் கொடிகள், மனை விற்பனைப் பலகை. நெல் கட்டுப்படியாகாத குடியானவரை எத்தனை நாள் குறை சொல்வது? அந்தக் கற்களுக்கு அடியில் போன வாய்க்காலை மறுபடி யார் தோண்டப் போகிறார்கள்?

நெல்லை வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். உருளைக்கிழங்கும் காரட்டும் மலையிலிருந்து இறங்கி வந்தவையே, அதில் தோஷமில்லை. தேங்காய்ப் பால் மணக்க மணக்க, ஒருநாள் அதை அம்பை அரிசிச் சோற்றில் விட்டுப் பிசைந்து பாருங்கள். பருமனான பருக்கை பாலை எப்படிக் குடித்துக்கொள்கிறது என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.