மூன்றாவது பிளக்

பதினான்கு மாதத்தில் ஒன்பது ஸ்பார்க் பிளக். மூன்று பில்களையும் எடுத்து மேசையில் வைத்துக் கூட்டியபோதுதான் கணக்கு உறைத்தது. அப்பா 1996ல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்பரேட்டர் வண்டி. காலையில் எடுத்தால் ஒரு கால் நொண்டுகிற மாதிரி ஓடும். மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங் அடிக்குது'. வழக்கமாக விடும் இடத்தில் மூன்று பிளக்கையும் மாற்றித் தருவார்கள். நாலைந்து மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு மறுபடி நொண்டல், மறுபடி மூன்று பிளக். கழற்றிய பிளக்குகளை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை, அவர்களும் காட்டவில்லை.

பழைய வண்டிகளின் மேல் பித்துக் கொண்ட நண்பர் ஒருவர், "புதுப்பேட்டையில ஒரு பாய் இருக்கார். அவர் மாத்த மாட்டார், மொதல்ல பார்ப்பார்" என்று சொல்லி அழைத்துப் போனார்.

கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டையைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிய கதவுகள், பம்பர்கள், கண் பிடுங்கிய ஹெட்லைட்டுகள், சுவரோரம் அடுக்கிய இன்ஜின்கள். அவற்றுக்கு நடுவே ஒரு சந்தில் எட்டடி அகலத்தில் பாயின் கடை. அறுபதைத் தாண்டியவர். கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது. பானெட்டைத் திறந்தவர் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இப்பதான் ஓட்டிட்டு வந்தீங்க. டீ சாப்பிடுங்க சார், ஆறட்டும்."

"எவ்வளவு நேரம் பாய்?"

"ஒரு மணி நேரம் ஆவும். ஹெட்டு அலுமினியம், பிளக்கு இரும்பு. சூட்டுல திருகினா திரெட்டையே புடுங்கிக்கினு வரும். அப்புறம் ஹெட்டைக் கழட்டி லேத்துக்குத் தூக்கணும்."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் கதை கிடைத்தது. சொந்த ஊர் ஆம்பூர். தகப்பனார் தோல் பதனிடும் இடத்தில் கூலி. பன்னிரண்டு வயதில், 1974ல், புதுப்பேட்டையில் ஓர் உஸ்தாதிடம் கொண்டுவந்து விட்டார்கள். முதல் ஆறு மாதம் பிளக்கைத் தவிர எதையும் தொடவிடவில்லை. அம்பாசடர், ஃபியட், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று எல்லா வண்டிகளின் பிளக்குகளையும் பெட்ரோலில் ஊறவைத்து பிரஷ் போட வேண்டியது அவர் வேலை. ஆனால் கழுவுவதற்கு முன்னால் உஸ்தாத் தினமும் ஒரு காரியம் செய்வாராம். அன்று கழற்றிய பிளக்குகளைப் பழைய பேப்பரில் கலந்து பரப்பி, "இது எந்த வண்டி? இன்னா நோவு?" என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு. ஒரு வருடம் போனபின் குட்டு நின்றது.

"2000த்துல ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்கல்ல? அதோட பிளக்கோட கலரே மாறிப்போச்சு. அதுவரைக்கும் கத்துக்கினதைப் பாதி மறந்துட்டு மறுபடி கத்துக்கினேன்." அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கேட்ட எனக்குச் சிலிர்த்தது. அவர் அதை மழை வந்து போனது போலச் சொன்னார்.

இன்ஜின் ஆறியது. பிளக் ஒயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீஸால் குறித்தார். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி எடுத்தார். பிறகு சைக்கிள் பம்பால் பிளக் குழியைச் சுற்றி ஊதினார். அங்கே கிடக்கும் மணல், பிளக் வெளியே வந்ததும் சிலிண்டருக்குள் விழும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். மூன்றையும் கழற்றித் தினத்தாள் மேல் வரிசையாக வைத்தார்.

முதலாவதன் நுனியில் பீங்கான் டீயில் நனைத்த பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கரேலென்று மினுங்கியது. பாய் அதை மூக்கருகே கொண்டுபோனார், கட்டைவிரலால் தேய்த்தார், விரலை என் பக்கம் நீட்டினார்.

"பெட்ரோல் ஜாஸ்தியானா கரி பொடியா உதிரும் சார். இது வழுக்குது பாருங்க. ஆயில். காலைல ஸ்டார்ட் பண்ணா நீலமா ஒரு புகை வந்து போவுமே?"

"ஆமா."

"ஓடும்போது?"

"இல்லை பாய்."

"அப்ப ரிங்கு நல்லாருக்கு. வால்வு சீலு காஞ்சிபோச்சு. ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டா உள்ள எறங்குது."

காம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. அவர் சொன்னது சரிதான். என் ஒன்பது பிளக்குகளில் மூன்று இந்தக் கறுப்பைச் சுமந்துகொண்டுதான் வெளியே வந்திருக்கும். அந்தச் சேதியோடு குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

இன்ஜினின் நெருப்புக்குள் நின்றுவிட்டு, ஐந்து நிமிடத்தில் முழுசாக வெளியே வந்து நடந்ததைச் சொல்லக்கூடிய உறுப்பு இது ஒன்றுதான். இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு இருபத்தைந்து தடவை பொறி விடுகிறது, ஒவ்வொரு பொறிக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட். நுனி 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் படிகிற கரி தானாக எரிந்துபோகும். 900ஐ நெருங்கினால் பிளக் பொறிக்குக் காத்திராமல் தானே பெட்ரோலைக் கொளுத்திவிடும். வெள்ளையாய் வெளுத்துக் கொப்புளம் கட்டிய நுனி அந்த ஆபத்தைச் சொல்வது. ஆயில் படிந்தாலோ மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே பீங்கானில் வழிந்து இறங்கிவிடும். புதுப் பிளக்கில் கரி இல்லை, அதனால் சில மாதம் ஓடும். எனக்கு அதுதான் நடந்திருக்கிறது.

"ஹாட் பிளக்கு போட்டு ஆறு மாசம் ஓட்டலாம், ஆயிலை எரிச்சிக்கினே ஓடும்" என்றார். "நோவு உள்ளயே இருக்கும்." நுனி கூடுதலாகச் சூடாகும் பிளக் ஹாட், குறைவாகச் சூடாகும் பிளக் கோல்டு. அந்த விவகாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் கோல்டு, பாஷ் பிளக்கில் எண் கூடினால் ஹாட். பெட்டியை மாற்றி எண்ணை மட்டும் பார்த்து வாங்கி பிஸ்டனை ஓட்டை போட்டுக்கொண்ட வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது பிளக்கைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். பெட்ரோலில் கழுவினார், பித்தளை பிரஷ் போட்டார், ஊதிக் காயவைத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகட்டுக் கத்தையை எடுத்தார். ஃபீலர் கேஜ்; புதுப்பேட்டை முழுக்க அதற்கு 'ஃபில்லர் கேஜ்' என்றுதான் பெயர். உஸ்தாத் கொடுத்தது. ஒவ்வொரு தகட்டிலும் பொறித்திருந்த கனம் தேய்ந்து எழுத்தே இல்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. விரல் நுனியால் தள்ளித் தள்ளிச் சரியான தகட்டில் நின்றார். என் வண்டிக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பக்கத்து மின்முனையை மரக்கட்டையில் ஒரு தட்டு, தகடு உள்ளே, இன்னொரு தட்டு. "இழுத்துப் பாருங்க" என்று கொடுத்தார். கனத்த புத்தகத்துக்குள் மாட்டிய பழைய நோட்டை உருவுவது போல இருந்தது. தடுக்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை. அந்த உணர்வைத்தான் ஐம்பது வருடமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இடைவெளி அகன்றால் பொறி தாண்டத் திணறும், குறுகினால் பொறி சோனியாகும். பிளக் தேயத் தேய மையக் கம்பியின் ஓரம் மழுங்கும். கூர் ஓரத்திலிருந்துதான் பொறி சுலபமாகக் குதிக்கும், அதனால் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. இதெல்லாம் சாதா நிக்கல் பிளக்குக்கு மட்டும். இரிடியம் பிளக்கின் நுனி முடிபோல் மெல்லியது. அதன் மேல் பிரஷும் படக்கூடாது, அரமும் படக்கூடாது.

வால்வு சீல் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று பயந்தேன். பாய் பிளக் துளை வழியாக நூல்கயிற்றை முழம் முழமாக சிலிண்டருக்குள் விட்டார். கிராங்கைத் திருப்பினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றுச் சுருளை வால்வுகளோடு அழுத்திப் பிடித்தது. இனி ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு உள்ளே விழாது. ஹெட்டைக் கழற்றாமலே மூன்று சிலிண்டருக்கும் வேலை முடிந்தது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "பட்டதுதான்" என்றார்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி அதைத்தான் திருகினார். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும். ஸ்பேனருக்கு அந்த நாசூக்கு இல்லை. மரையில் கிரீஸ் கிடையாது, அது இறுக்கத்தை ஏமாற்றும். விரலுக்கு நின்றபின் ஸ்பேனரால் முறுக்கு: புது வாஷர் என்றால் அரைச் சுற்று, நசுங்கிய பழைய வாஷர் என்றால் கடிகார முள் ஒரு மணியைத் தாண்டும் தூரம்.

இரண்டு நாள் வேலைக்கு அவர் வாங்கிய பணத்தில் சீல் விலை, வால்வு வேலைக் கூலி எல்லாம் இருந்தது. பார்த்ததற்கு ஒன்றும் இல்லை. கேட்டேன். "அதுக்கு யார் சார் குடுப்பாங்க?"

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நான் வாங்கிய ஒன்பது பிளக்குகளில் கம்பெனிக்குப் பங்கு, மொத்த வியாபாரிக்குப் பங்கு, கீழ் வியாபாரிக்குப் பங்கு, கவுண்டருக்குப் பங்கு, மாற்றியவருக்குக் கமிஷன். பத்தாவது பிளக் வேண்டாம் என்று சொன்னவருக்கு அந்தச் சங்கிலியில் இடமே கிடையாது. பாகம் விற்றால் வருமானம், பாகத்தைக் காப்பாற்றினால் நஷ்டம் என்று ஒரு தொழிலை அமைத்துவிட்டு, மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். இதில் போலிச் சரக்கு வேறு. அசல் போலவே பெட்டி. பாய் ஒன்றை எடுத்துக் காட்டினார்: பெட்ரோல் தொட்ட விரலால் தேய்த்ததும் எழுத்து அழிந்தது, வாஷர் கையோடு கழன்று வந்தது, மையக் கம்பி மையத்தில் இல்லை. சின்னக் கடைக்காரன் கையில் காசில்லாதவன். அவனுக்குக் கடன் கொடுக்கிற இடைத்தரகன் இந்தச் சரக்கைத்தான் தள்ளிவிடுகிறான். இன்ஜின் கெட்டால் வசவு விழுவது மெக்கானிக் தலையில். தரகனை யாரும் பார்த்ததுகூட இல்லை.

பக்கத்துக் கடையில் ஸ்கேனர் வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் நான் இருந்தபோதே ஓடிவந்தான். புதிய வண்டி, ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனிக் காயில். திரையில் பி0303 என்று வந்திருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். "காயிலை மாத்திப் போட்டுப் பார்த்தேன் மாமு, மூணுலயே நிக்குது. இன்னான்னு பாரேன்." கையில் பிளக் இருந்தது. பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார். பீங்கானில் முடி அளவு விரிசல். "கீழ போட்டியா?" பையன் தலையைக் குனிந்தான். கீழே விழுந்த பிளக்கைப் போடக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குட்டு விழவில்லை. ஆறு மாதம் பிளக் மட்டும் கழுவ யார் இனி வருவார்கள் என்று பாய் என்னிடம் கேட்டார். இங்கே வேலைக்கு இருந்த கடைசிப் பையன் சாப்பாடு டெலிவரிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார். போனேன். டீ, ஒரு மணி நேரம், பம்ப், ஸ்பேனர். அதே மூன்று பிளக்குகள். இந்தத் தடவை வரிசையாக வைக்கவில்லை; தினத்தாளில் போட்டுக் கையால் கலைத்துவிட்டார்.

"இதுல மூணாவது எது, சொல்லுங்க."

மூன்றையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றும் டீ நிறம். தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

"தெரியலை பாய்."

"எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டு ரப்பர் டியூபை எடுத்தார்.