44-க்கு 16... நான் போட்ட தப்புக் கணக்கு!

"ஏல, கியரே இல்லாத சைக்கிளுக்குக் கோச்சிங்கா? அதுவும் கவர்மென்ட் சைக்கிளுக்கா?" க்ளாஸ்ல விஷயம் லீக் ஆன அன்னைக்கு லாஸ்ட் பெஞ்ச் முழுக்கச் சிரிச்சு உருண்டுச்சு. சிரிக்கட்டும் மக்களே! பத்து கியர் வச்சிருக்கிறவனுக்கு மேடு வந்தா விரல் வேலை செய்யும். ஒத்தைக் கியர்க்காரனுக்கு கால் மட்டும்தான்.

ரேஸ் எனக்கில்ல, என் தங்கச்சிக்கு. பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி வருஷா வருஷம் மாவட்டந்தோறும் விளையாட்டு ஆணையம் நடத்துற சைக்கிள் போட்டி தெரியும்ல? 13, 15, 17 வயசுக்குள்ளன்னு மூணு பிரிவு. 17 வயசுக்குள்ள இருக்கிற பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பொண்ணுங்களுக்கு 15. கியர் கூடாது, இந்தியாவுல செஞ்ச சாதாரண சைக்கிளா இருக்கணும். அதாவது, எல்லாருக்கும் ஒரே ஆயுதம். முதல் பத்து இடத்துக்குப் பரிசு உண்டு. ஸ்கூல் படிக்கிறப்ப நானும் ஓட்டினேன். பாதி வழியில செயின் கழண்டு, கையெல்லாம் மசியோட உருட்டிக்கிட்டு வந்து சேர்ந்தேன். வீட்டுல இன்னிக்கு வரைக்கும் அது ஒரு காமெடி சீன்.

தங்கச்சி இப்போ ப்ளஸ் டூ. போன வருஷம் ஸ்கூல்ல கொடுத்த இலவச சைக்கிள்தான் அவளோட வண்டி. 2001-ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005 வாக்குல எல்லாருக்கும்னு விரிஞ்ச திட்டம் அது. என்கிட்ட இருக்கிறதும் அதே ஜாதி சைக்கிள்தான், என்ன, நாலஞ்சு வருஷம் சீனியர்! அடுத்த வருஷம் அவ வயசு தாண்டிடுவா, இதுதான் கடைசி சான்ஸ். அம்மாவுக்கு இதுல இஷ்டமே இல்ல. "பன்னெண்டாங் க்ளாஸ் பிள்ளைக்கு ரேசு ஒரு கேடா? ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் சைக்கிள் டியூஷனுக்கு மட்டுந்தான்." அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கவே இல்ல. எங்க வீட்டுல அதுக்குப் பேரு சம்மதம்.

ஜூலையில ஆரம்பிச்சோம். வீடு மேலப்பாளையம் பக்கம், அதனால ரெட்டியார்பட்டி மலை ஏத்தம்தான் எங்க ஜிம். காலைல அஞ்சே காலுக்கு லாரிக்காரங்க டீ குடிக்கிற நேரம். ஏறணும், இறங்கணும், மறுபடி ஏறணும், ஆறு தடவை. கியர் இல்லாதவனுக்கு மேட்டுல ஒரு ரகசியம் இருக்கு. மேடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேகத்தைச் சேர்த்துரணும். மேட்டுக்கு நடுவுல நின்னு யோசிச்சா கதை முடிஞ்சுது. வேகம் செத்ததும் சீட்டை விட்டு எந்திரிச்சு, வலது கால் மிதிக்கும்போது வலது கையால ஹேண்டில்பாரை இழுக்கணும். மிதிக்கிறது கால் மட்டும் இல்ல, முதுகும் சேர்ந்துதான். முதல் வாரம் மூணாவது ஏத்தத்துலயே இறங்கிட்டா. ரெண்டாவது வாரம் ஆறையும் முடிச்சுட்டு, "இவ்வளவுதானா அண்ணே?"ன்னா. (எனக்கு அஞ்சாவதுலயே நாக்கு தள்ளிடுச்சு. அதை எழுதணுமான்னு யோசிச்சேன், எழுதிட்டேன்.)

ஞாயித்துக்கிழமை பாளையங்கால்வாய் கரை. பழவூர் அணைக்கட்டுல தாமிரபரணியில இருந்து பிரிஞ்சு வர்ற கால்வாய். கரையோட மண் ரோடு, ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தண்ணி. ரோட்டுல எந்திரிச்சு மிதிச்ச மாதிரி இங்க மிதிச்சா பின்சக்கரம் மண்ணுல சுத்திக்கிட்டே நிக்கும். பின்னாடி கனம் போதலைன்னு அர்த்தம். சீட்டுல பின்தள்ளி உக்காந்து, நிதானமா வட்டமா மிதிக்கணும். மலைப்பாதை சைக்கிள்காரங்க உலகம் முழுக்கப் படிக்கிற பாடம் இதுதான். நாங்க எருமைமாட்டுக்கு வழி விட்டுக்கிட்டே படிச்சோம். ஒரு தடவை எருமை வழி விடலை. சகதியில விழுந்த ட்ரெய்னர் யாருன்னு கேக்காதீங்க.

இனிமேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை வேலை செஞ்ச கதை. முன்னாடி பல் சக்கரத்தை எண்ணினேன், 44. பின்னாடி ஃப்ரீவீல்ல 18. 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல போகும். அப்போ ஒரு மிதிக்கு சைக்கிள் 5 மீட்டர் நகரும். ஃப்ரீவீலை 16 ஆக்கினா? 5.7 மீட்டர்! 15 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 330 மிதி மிச்சம். கால்குலேட்டரைப் பார்த்து நானே கை தட்டிக்கிட்டேன். பாக்கெட் மணியில 16 பல் ஃப்ரீவீல் வாங்கி, கடைக்காரர் அண்ணாச்சிகிட்ட கொடுத்தேன். ஒரு மாதிரியா பார்த்தார். "பிள்ளைக்கா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். மாட்டிக் கொடுத்துட்டார்.

அது ஆடி மாசம். திருநெல்வேலிக்காரங்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். மலைத்தொடர்ல செங்கோட்டைப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் கணவாய் இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா பிச்சுக்கிட்டு வரும். நம்ம பக்கம் காத்தாலை இத்தனை நட்டு வச்சிருக்கிறது சும்மாவா? அந்த எதிர்காத்துல 16 பல்லை மிதிக்கிறது எப்பவும் மேடு ஏறுற மாதிரி. என் கணக்குல காத்தே இல்ல! மேடும் இல்ல. மிதி எண்ணிக்கை குறைஞ்சது நிஜம், ஒவ்வொரு மிதியும் கனத்ததை நான் கணக்குல எழுதலை.

அவ ஒண்ணும் சொல்லலை. பத்து நாள். "எப்படிட்டி இருக்கு?"ன்னா "சூப்பர்ணே"ம்பா. பதினோராவது நாள் மாடிப்படியில ஒவ்வொரு படியா, கைப்பிடியைப் பிடிச்சு இறங்குறதைப் பார்த்தேன். ரெண்டு முட்டியும் வலி. டாக்டர் ஒரு வாரம் சைக்கிளைத் தொடக் கூடாதுன்னுட்டார். அம்மா என்னைத் திட்டலை. சோத்தைப் போட்டுட்டு எதுவும் பேசாம போனாங்க. அதுக்குத் திட்டே பரவாயில்ல.

"ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா அம்மா நிப்பாட்டிருவாங்க. உனக்கு செயின் கழண்ட மாதிரி ஆயிரும்னு தோணுச்சு."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் அண்ணாச்சி கடை. பழைய 18 பல் ஃப்ரீவீலை எண்ணெய் போட்டுத் துடைச்சு, பேப்பர்ல சுத்தி எடுத்து வச்சிருந்தார். "வருவேன்னு தெரியும். சீட்டும் பள்ளமால்லா கிடக்கு. முட்டி மடங்கியே மிதிச்சா நோகாம என்ன செய்யும்?" குதிகாலை மிதியில வச்சா, மிதி அடியில இருக்கிறப்ப கால் நேரா நிக்கணும். அதுதான் சீட் உயரம். ரெண்டு நிமிஷ வேலை. அஞ்சு செமஸ்டர் படிச்ச எனக்கு ஏன் தோணலை? போங்க பாஸ்.

டூர் டி பிரான்ஸ்லயே 1937 வரைக்கும் கியர் மாத்துற டெரெய்லரை விடலையாம். வீரர்கள் மலை அடிவாரத்துல இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டிட்டு ஏறுவாங்களாம். சக்கரத்தோட ஒரு பக்கம் சமவெளிக்கு, மறு பக்கம் மலைக்கு. அவங்களே பல்லை எண்ணிப் பாடுபட்டிருக்காங்க, நான் எந்த மூலைக்கு?

ஒரு வாரம் ஓய்வு. அப்புறம் மெதுவா, முதல்ல சமதளம் மட்டும். மலைக்குப் போனது ஆகஸ்ட் கடைசியில, அதுவும் மூணே ஏத்தம். இந்தத் தடவை ஒவ்வொரு ஏத்தத்துக்கும் பிறகு முட்டி எப்படின்னு கேட்டேன். "கேட்டுக்கிட்டே இருக்காத"ன்னு கத்துற அளவுக்குக் கேட்டேன்.

ரேஸ் அன்னைக்குப் போகும்போது காத்து முதுகுல. எல்லாரும் பறந்தாங்க, இவ பதினஞ்சாவதோ பதினாறாவதோ. திரும்பும்போது அதே காத்து முகத்துல. முன்னாடி பறந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மிதிக்க ஆரம்பிச்சாங்களாம். இவ குனிஞ்சு, ஒரு அக்கா பின்சக்கரத்தை ஒட்டியே வந்து, கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல விலகி மிதிச்சிருக்கா. ஏழாவது இடம். நான் எல்லைக்கோட்டுல நின்னு எண்ணிக்கிட்டிருந்தேன். அஞ்சு, ஆறு... அப்புறம் எண்ண முடியலை. கண்ணுல தூசி. அட, காத்து நாள்தானே!

சர்ட்டிஃபிகேட்டை அம்மா டிவி மேல வச்சிருக்காங்க. "ஒரே ஒரு தடவ"ங்கிற சட்டம் இன்னும் ரத்தாகலை, அமலிலும் இல்ல.

போன மாசம் அவளே கேட்டா, "அண்ணே, பாபநாசம் போலாமா?" மாஞ்சோலைதான் அவ கனவு. ஆனா மணிமுத்தாறுக்கு மேல அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம், நினைச்ச நேரத்துக்கு சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. அதனால பாபநாசம். இந்தத் தடவை அண்ணாச்சிகிட்ட அவளே பேசி 22 பல் மாட்டிக்கிட்டா. 44-க்கு 22, சரியா ரெண்டுக்கு ஒண்ணு. ஒத்தைக் கியர் மலை சைக்கிள்காரங்க வெளிநாட்டுல 32-க்கு 16-னு வச்சுக்கிற அதே கணக்கு. அது அவளுக்குத் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. நான் 18-லயே போனேன், கெத்து!

சேரன்மகாதேவி வரைக்கும் நான் முன்னாடி. அம்பாசமுத்திரத்துல அவ முன்னாடி. பாபநாசம் கோயில் வாசல்ல ஆத்துத் தண்ணியில முகம் கழுவிட்டு, தலையெல்லாம் காய்ஞ்சு உக்காந்திருந்தா.

"முட்டி எப்படி இருக்கு அண்ணே?"ன்னா.